லேத் பட்டறையில் லாபத்தைத் தேடியது

பகுதி நேரமாக அடுத்தவர் கணக்கை எழுதும் தொழிலில் எல்லாருக்கும் நம்மைப் பிடிக்கும், நாம் முதல் கேள்வியைக் கேட்கிற வரைக்கும்.

வகுப்பு முடிந்த கையோடு டிபன் பாக்ஸைக்கூடக் கழுவாமல் ஏதோ ஒரு கடையிலோ கம்பெனியிலோ பில் புத்தகத்தின் முன்னால் போய் உட்காருகிற தோழிகளே, தோழர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் எம்.காம். இரண்டாம் ஆண்டு. காலையில் ஆவடியில் வகுப்பு. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் லேத் பட்டறையில் கணக்கு. சம்பளம் ஆறாயிரம். அப்பா ஃபேக்டரி ஷிப்டில், தம்பி போனுக்குள். குவார்ட்டர்ஸில் வாதாட ஆள் குறைந்துவிட்டதும் நான் வேலைக்குப் போனதற்கு ஒரு காரணம்.

பட்டறை என்றால் மூன்று லேத், மூன்று ஆட்கள், ஒரு முதலாளி, ஒரு ஃபேன். பம்பு செய்யும் கம்பெனி ஒன்று இரும்புக் கம்பியைக் கொடுக்கும். நாங்கள் அதை வெட்டிக் கடைந்து சின்னச் சின்ன வளையமாகத் திருப்பிக் கொடுப்போம். வளையத்துக்குப் பதினான்கு ரூபாய் கூலி. மாதம் பத்தாயிரம் வளையம். ஒரே கம்பெனி, ஒரே சாமான், ஒரே விலை. நிதி மேலாண்மைத் தாளுக்குப் படிப்பதற்கு இதைவிட எளிய தொழில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பதினான்கு ரூபாய் எங்கிருந்து வந்தது

முதல் வாரமே முதலாளி முருகேசன் சாரிடம் கேட்டேன், பதினான்கு ரூபாய் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று. எதிர்ப்பட்டறையில் பதினாலரை சொன்னார்கள், அதனால் இவர் பதினாலு சொன்னார். அவ்வளவுதான். ஆள் கூலி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, வாடகை எவ்வளவு, அதெல்லாம் ஒரு வளையத்தின் தலையில் எத்தனை பைசா விழுகிறது என்று பார்க்காமல் ஒரு மனிதர் எப்படி விலை சொல்ல முடியும் என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எதிர்ல கீறவன் கணக்கு போட்டுத்தானேம்மா சொல்லியிருப்பான். போட்ட கணக்க நாம எதுக்கு மறுபடி போடணும்?" என்றார்.

விடுகிற ஆளா நான். சந்தில் குறுக்கே நடந்து எதிர்ப்பட்டறைக்கே போனேன். உங்கள் பதினாலரைக்கு என்ன கணக்கு என்று அந்த முதலாளியிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லி, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்: "அதெல்லாம் முருகேசன் கரீட்டா போடுவாரும்மா. அவரு இன்னா சொல்றாரோ, நாங்க அதுக்கு மேல அம்பது பைசா வச்சிக்குவோம்."

சீட்டு விழுந்த மாதம்

தீபாவளிக்கு முந்தைய மாதம் முதலாளி கையில் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். இந்த மாதம் ஒன்றரை லட்சம் லாபமாம். இவ்வளவு பெரிய தொகையை நான் எங்கே விட்டேன் என்று பாஸ்புக்கைப் புரட்டினேன். பணம் இருந்தது. அது அவர் ஏலத்தில் தள்ளி எடுத்த சீட்டுப் பணம். இன்னும் பதினோரு மாதம் தவணை கட்டியாக வேண்டிய பணம். அதை லாபம் என்று எழுத முடியாது, கடன் என்றுதான் எழுதுவேன் என்று பேனாவை எடுத்தேன். முதலாளி ஸ்வீட் டப்பாவை மூடிவிட்டார்.

மூன்று லேத்தும் நின்றன. சேகர் அண்ணன், பட்டறையின் மூத்த கடைசல்காரர், என் மேசைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து என்னை 'எம்.காமு' என்றுதான் கூப்பிடுவார். "இத பாரு எம்.காமு," என்றார். "அவரு சீட்டு எடுத்தாத்தான் எங்களுக்கு போனஸு. நீ பாட்டுக்கு அத்த கடன்னு எழுதிட்டின்னா, நாங்க துணிக்கடைக்கு உன் நோட்ட எடுத்துகினு போறதா?"

மெஷினின் வயது

தேய்மானம் என்ற சொல்லை அந்தப் பட்டறையில் முதலில் உச்சரித்தவள் நான்தான். ஒவ்வொரு வருடமும் மெஷினின் விலையில் கொஞ்சம் குறைந்துகொண்டே போகும், அந்தக் குறைவையும் செலவாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் படுக்கிற அன்று புதிது வாங்கக் காசு இருக்காது என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சேகர் அண்ணன் தன் லேத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது உன்னவிட பெரிய மனுசி. இதுக்கு தேய்மானம் போடறதுன்னா மொதல்ல எனக்குப் போடு, நான் இதுக்கும் மூத்தவன்" என்றார்.

சனிக்கிழமை எடை

லேத்தில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு கீழே விழும், பார்த்திருப்பீர்கள். எங்கள் பட்டறையில் அதை வாரம் முழுவதும் பெருக்கி மூட்டை கட்டி வைப்பார்கள். கம்பி கம்பெனியுடையது, ஆனால் சுருள் எங்களுக்கு. அது பழைய ஏற்பாடு. எங்களுக்கு என்றால் பட்டறைக்கு அல்ல, முதலாளியின் மனைவிக்கு. அந்தச் சந்தில் எல்லாப் பட்டறையிலும் இதே வழக்கம்.

சனிக்கிழமை நான்கு மணிக்குத் தேவகி அக்கா திருமுல்லைவாயிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். கையில் சொந்தத் தராசு. பழைய இரும்புக்காரரின் தராசை அவர் நம்புவதில்லை. உத்தரத்தில் கொக்கி மாட்டி ஒவ்வொரு மூட்டையாகத் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, விலை பேசி, பணத்தை எண்ணிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அந்த அரை மணி நேரமும் முதலாளி டீக்கடையில் இருப்பார். மனைவி எண்ணும்போது பக்கத்தில் நிற்பது மரியாதை இல்லையாம். வீட்டுச் செலவுக்கு முதலாளி மாதக் கடைசியில் கையில் மிஞ்சியதை, ஆயிரமோ ஐந்நூறோ, கொடுப்பார். ஒன்றும் மிஞ்சாத மாதத்தில் தேவகி அக்கா கேட்கவும் மாட்டார். தன் வீட்டில் சிக்கனமாக ஓட்டுகிறார்கள் என்று முதலாளிக்கு அதில் ஒரு பெருமை.

எனக்கு இது பொறுக்கவில்லை. பட்டறையில் விற்கிற சரக்கு பட்டறைக் கணக்கில் வராமல் கைப்பையில் போவது என்ன நியாயம்? டீக்கடையிலிருந்து திரும்பியவரை வாசலிலேயே மடக்கிக் கேட்டேன். முதன்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார்: "அது ஊட்டம்மா காசு. அத்த நோட்ல ஏத்தினா இந்த சந்துல ஒருத்தன் என் மூஞ்சியில முழிக்க மாட்டான்."

ஒரு ரூபாய் உயர்வு

பொங்கல் முடிந்து ஒரு நாள் பம்பு கம்பெனியின் கொள்முதல் அதிகாரி நேரில் வந்தார். சின்ன வயது, இன் செய்த சட்டை, உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டார். இனி மாதம் பதினாறாயிரம் வளையம், விலை பதினான்கிலிருந்து பதினைந்து. ஆனால் இந்தப் பழைய லேத்துகளை வைத்துக்கொண்டு அத்தனை கடைய முடியாது. கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். பதினெட்டு லட்சம். பேங்க் கொடுக்கத் தயார், திருமுல்லைவாயில் வீட்டை அடமானம் வைத்தால். வீடு தேவகி அக்கா பெயரில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் போய்க் கையெழுத்துப் போட வேண்டியது. முதலாளி எல்லாருக்கும் பிரியாணி வாங்கினார். எனக்கும்தான், சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அந்த ஆர்டர் கடிதத்தைப் படித்தேன். நான்காவது நிபந்தனை: கடைசலில் விழும் சுருள் முழுவதையும் எடை போட்டுக் கம்பெனிக்கே திருப்பித் தர வேண்டும். முதலாளியிடம் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்திருந்தார். படித்துவிட்டுத்தான் பிரியாணி வாங்கியிருந்தார். "தரையில பெருக்கி எடுக்கறதும்மா அது. கேட்டா குட்த்துட்டுப் போவோம். ஊட்டம்மாவுக்கு நான் வேற பாத்துக் குடுக்கறேன்," என்றார். "அவங்க ஒரு ரூபா ஏத்திக் குடுக்கறாங்கோ, நாம குப்பைய வச்சிக்கினு சண்ட போடறதா?"

எழுதாத வரைக்கும்

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்றைக்கு வருவது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கூலி, வாடகை, கரண்ட், எண்ணெய், சீட்டுத் தவணை, என் ஆறாயிரம் எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போவது ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். மிச்சம் ஆயிரம் ரூபாய். புது ஆர்டரில் வருவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பேங்க் தவணை, புது மெஷினுக்கு ஓர் ஆள், கூடுதல் கரண்ட், புது மெஷினுக்கான கத்திகள், கூடுதல் வண்டி எல்லாம் சேர்த்தால் போவது இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம். மாதம் ஆயிரம் ரூபாய் நஷ்டப்படுவதற்கு வீட்டை அடமானம் வைக்கிறார். காட்டினேன். அஞ்சு வருடம் கழித்து மெஷின் நமக்குச் சொந்தம், அதற்கு ஆயிரம் ரூபாய் பெரிதா என்று கேட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

ஏதோ ஒன்று கணக்கில் வரவில்லை என்று மட்டும் தெரிந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் மிஞ்சும் மனிதருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு ஸ்கூல் ஃபீஸ், மூன்று வேளைச் சாப்பாடு. அது எங்கிருந்து வருகிறது? சனிக்கிழமை நான்கு மணிக்குச் சுவரோரம் நின்று மூட்டைகளை எண்ணினேன். பத்து மூட்டை, ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. கிலோ இருபத்தாறு ரூபாய். வாரத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. மாதத்துக்கு இருபத்தாறாயிரம். பட்டறை நடத்திக் கிடைப்பது ஆயிரம். பெருக்கிக் கிடைப்பது இருபத்தாறாயிரம்.

"இன்னா கண்ணு, மூட்டைய எண்ற?" என்று பின்னாலிருந்து தேவகி அக்கா கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ரூபாய் உயர்வைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது, அடமானமும் தெரிந்திருந்தது. நான்காவது நிபந்தனை மட்டும் தெரியாது. அதை அவருக்குப் 'பொறுமையா' சொல்லிக்கொள்ளலாம் என்று முதலாளி விட்டுவைத்திருந்தார். மெஷின் வந்த முதல் மாதமே வீட்டில் அடுப்பெரியக் காசு இருக்காது, தவணை கட்ட முடியாது, வீடு போய்விடும், இந்த இருபத்தாறாயிரத்தை நீங்களே சாரிடம் சொல்லுங்கள் என்றேன். அக்கா முடியாது என்றார். சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று வழக்கம்போல் வாதாட ஆரம்பித்தேன். எனக்கு அவர்மேல் கோபம். கட்டிய கணவனிடமா ஒளிப்பது என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, மூட்டையின் வாயைக் கட்டியபடியே, "எழுதாத வரைக்கும்தான் கண்ணு அது புள்ளைங்க ஃபீஸு. எழுதிட்டா கடைக் காசு. கடைக் காசுன்னா அவரு ஒரு மோட்டாரு வாங்கிட்டு வந்துடுவாரு" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணி

வகுப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். முதலாளி வெள்ளைச் சட்டையில் இருந்தார். பேங்க் படிவங்களை எண்ணெய் படாமல் இருக்கப் பேப்பர் விரித்து அதன்மேல் பரப்பி வைத்திருந்தார். நான் கொடுத்த வாக்கு பதினோரு மணியோடு முடிகிறது. பேங்கிலும் கையெழுத்து பதினோரு மணிக்கு. இதை யோசிக்காமல்தான் தலையாட்டியிருந்தேன். பத்தரைக்குத் தேவகி அக்கா துணிப்பையோடு வந்தார். வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் மகனின் பழைய ஸ்கூல் நோட்டு ஒன்றை வைத்தார்.

அப்படி ஒரு கணக்கை நான் என் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு, ஒவ்வொரு சனிக்கிழமையும் எடை, விலை, பணம். எதிரில் அது போன இடம். ஃபீஸ், கேஸ், அரிசி, முதலாளியின் பிரஷர் மாத்திரை. இரண்டு இடத்தில் 'கடை வாடகை' என்றும் ஓர் இடத்தில் 'சேகர் சம்பளம்' என்றும் இருந்தது. அந்த மூன்று தடவையும் தன் மச்சான் கொடுத்து உதவியதாகத்தான் முதலாளி இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கு நன்றியோடு தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

முதலாளி நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தேவகி அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி தாண்டியது. நோட்டை மூடிவிட்டு முதலாளி யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அப்ப பன்னண்டு வருசமா நான் கடைஞ்சதுல ஒண்ணியும் சம்பாரிக்கல. கடையசொல்ல கீழ வுயிந்துச்சே, அதுலதான் துன்னுகினு கீறோம்."

பூந்தமல்லியில் பத்து நிமிடம்

மறுநாள் முதலாளியும் நானும் பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். மெட்ரோ வேலையில் பஸ் ஊர்ந்ததால் வழி முழுவதும் கணக்கை மறுபடி சரிபார்க்க முடிந்தது. ஒரு வளையத்துக்கு நூறு கிராம் சுருள். அதாவது இரண்டு ரூபாய் அறுபது பைசா. அதைத் திருப்பிக் கொடுத்தால் பதினாறு அறுபது வாங்கினால்தான் இன்றைய நிலைமையாவது நிற்கும். புது மெஷினும் அதன் தேய்மானமும் சேர்ந்தால் பதினெட்டுக்குக் குறைந்து கட்டாது. ஒரு ரூபாய் ஏற்றுகிறோம் என்று சொல்லி ஒன்று அறுபது இறக்குகிறீர்கள் என்று அந்த இன் செய்த சட்டைக்காரரிடம் காகிதத்தை நீட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சண்டை போடவில்லை. காகிதத்தை முழுவதும் படித்தார், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார், பதினெட்டு முடியாது என்றார். பழைய ஆர்டர் ஆறு மாதத்துக்குப் பழைய விலையில், பழைய ஏற்பாட்டில் ஓடும். அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்து, குற்றம் சொல்கிற தொனியில்லாமல், ஒரு தகவலாகச் சொன்னார்: "இதே லெட்டர்ல நாலு பட்டறையில கையெழுத்து வாங்கிட்டேன் மேடம். ஒருத்தர்கூட இதக் கேக்கல."

யாருக்கு எவ்வளவு

வீட்டுப் பத்திரம் திருமுல்லைவாயிலுக்கே திரும்பிப் போனது. ஆறு மாதத்துக்குள் வேறு கம்பெனி பிடித்தாக வேண்டும். மூன்று இடங்களுக்கு விலை எழுதி அனுப்பியிருக்கிறோம், இந்த முறை வளையத்தின் தலையில் விழும் பைசாவெல்லாம் எண்ணி. ஒரு கம்பெனி மாதிரி வளையம் கேட்டிருக்கிறது.

நோட்டு வெளியே வந்துவிட்டதால் சுருள் பணத்தை மறைக்க முடியாது. முதல் சனிக்கிழமையே அதைப் பட்டறைக் கணக்கில் ஏற்றினேன். ஏற்றிய மை காய்வதற்குள் முதலாளி ஒரு மோட்டார் விலைப்பட்டியலோடு வந்து நின்றார். அக்கா என்னைப் பார்த்தார். சொன்னேன் பார்த்தாயா என்ற அந்தப் பார்வைக்கு நான்தான் பொறுப்பு. மூன்று பேரும் ஒரு மணி நேரம் வாதாடினோம். சும்மா கொடுப்பது, கேட்டு வாங்குவது எல்லாம் வேண்டாம், சம்பளம் என்று எழுதுங்கள் என்றேன். எடை போட்டு, விலை பேசி, பன்னிரண்டு வருடம் கணக்கு வைத்திருக்கிற ஆளுக்கு வெளியில் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டேன். பதினெட்டாயிரம் என்று முடிவானது. பட்டறையில் மிஞ்சும் ஆயிரத்தையும் சேர்த்து மிச்சம் ஒன்பதாயிரம் முதலாளிக்கு. அவர் தன் பட்டறையில் வாங்கும் முதல் சம்பளம்.

சம்பளப் பட்டியலை நீட்டியதும் முதலாளி இரண்டு தொகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என் கடையில என் பொண்டாட்டிக்கு என்னவிட டபுளாம்மா?" என்று என்னிடம்தான் கேட்டார். பதில் தேவகி அக்காவிடமிருந்து வந்தது: "சனிக்கிழம நாலு மணிக்கு டீ குடிக்கப் போவாம வந்து மூட்டையத் தூக்குங்க, ஏத்திக் குடுக்கச் சொல்றேன்."

லாபம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது, தோழர்களே. கண்டுபிடித்ததை யார் பெயரில் எழுதுவது என்பதற்குத்தான் என் நிதி மேலாண்மைப் புத்தகத்தில் ஒரு பக்கமும் இல்லை.